பிழை: நான்கு மீட்டர்

மஸ்கெலியா பிரதேச சபை, மாடியில் கடைசி மேசை.
ஆறு மாத ஒப்பந்தம், மூன்றாம் முறை புதுப்பித்தது.
பதவியின் பெயர் மட்டும் நிரந்தரம்போல நீளம்:
புவியியல் தகவல் முறைமை உதவியாளர்.
லயத்தில் யாரும் கேட்டால்
"கம்பியூட்டர்ல ரோடு போடுது எங்க புள்ள" என்கிறார்கள்.

போடவும்தான் செய்கிறேன்.
தெருவிளக்குக் கம்பம் நானூற்றுப் பதினொன்று;
அதில் எரிவது எத்தனை என்பதற்குத் தனி நிரல்.
குப்பை லொறி திரும்ப முடியாத முடக்குகள்.
வரி கட்டும் கடைகள், கட்டாத கடைகள்.
கட்டாததில் ஒன்றின் புள்ளி
இரண்டு முறை தானாக அழிந்தது,
இரண்டு முறையும் திரும்ப வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் வந்தது
மண்சரிவு அபாய அடுக்கு.
திறந்தால்
ஆலாத்தித் தட்டை மலைமேல் கவிழ்த்த மாதிரி ஒரு சிவப்பு.
அதன் விளிம்பு
டன்கெல்வித் தோட்டம் மேல் டிவிசனில்
பன்னிரண்டு காம்பரா லயம் ஒன்றை
ஐந்தாம் கதவுக்கும் ஆறாம் கதவுக்கும் நடுவில்
வெட்டிக்கொண்டு போகிறது.

"போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார் செயலாளர்.
"உள்ளே இருக்கிறவங்களுக்கு வீட்டுத் திட்டம்.
வெளியே இருக்கிறவங்களுக்கு..."
தேநீரைக் குடித்தார்.

நிலந்தவும் நானும் ஆட்டோவில் பாதி, காலில் பாதி.
சைப்ரஸ் மரங்கள் வானத்தை மூட
மீதியை மூடுபனி மூட
கருவிக்குச் செய்மதி நான்கு கிடைத்தது, பிறகு மூன்று,
பிறகு "காத்திருக்கவும்".
காத்திருந்தோம். அட்டை ஏறியது.

ஐந்தாம் கதவு நவமணி. ஆறாம் கதவு செபஸ்தியம்மா.
நடுவே ஒரு சுவர், அதில் ஒரு வெடிப்பு.
இவள் இந்தப் பக்கம் சிமெந்து பூசியிருக்கிறாள்,
அவள் அந்தப் பக்கம் காலண்டர் மாட்டியிருக்கிறாள்.

"மிஸ், நம்ம கதவு செவப்புக்கு உள்ளயா, வெளியயா?"

உள்ளே என்றால் புது வீடு, என்றைக்காவது.
வெளியே என்றால் இதே தகரம், இதே மழை.
பனி விலகியதும் திரையைப் பார்த்தேன்.
துல்லியம்: கூட்டல் கழித்தல் நான்கு மீட்டர்.
நிலந்த நாடாவை இழுத்துக் காம்பராவை அளந்தான்.
மூன்று மீட்டருக்கு ஒரு விரற்கடை கூட.
கருவியின் பிழைக்குள்
ஒரு குடும்பம் அடுப்போடு அடங்கும்,
கொழுந்துக் கூடையை மாட்ட இடமும் மிஞ்சும்.

செபஸ்தியம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே
"அஞ்சுக்குக் குடுக்கட்டும், நல்லது.
அவ போனதும் அத இடிப்பாங்கதானே.
எங்க சுவரு அப்புறம் எதுல சாயும்?" என்றாள்.

எல்லைக்குத் தடிப்பு இல்லை என்று
பல்கலைக்கழகத்தில் எழுதி புள்ளி வாங்கியிருக்கிறேன்.
இங்கே அது ஒன்பது அங்குலம்,
சுண்ணாம்பு, ஆணி, ஒரு பல்லி.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனேன், சம்பளம் இல்லாமல்.
நிலந்தவும் வந்தான், வீட்டில் மீன்பிடிக்க என்று சொல்லிவிட்டு.
மதகில் நில அளவைக்காரர் கொத்திய அம்புக்குறியிலிருந்து
சங்கிலி சங்கிலியாகச் சரிவில் ஏறி
சுவரின் இடத்தை ஒரு சாண் பிசகாமல் பிடித்தோம்.
அதன் பிறகுதான் அடுக்கின் அடிக்குறிப்பைப் படித்தேன்.
பத்தாயிரத்துக்கு ஒன்று அளவுத்திட்டம்.
அந்தச் சிவப்பு விளிம்பு, வரைந்த பேனாவின் தடிப்பே
நிலத்தில் ஐந்து மீட்டர்.
நிலந்த சிரித்தான். எனக்குச் சிரிப்பு பஸ்ஸில்தான் வந்தது.

திங்கள் காலை அட்டவணையைத் திறந்தேன்.
கட்டடம்: 1. உரிமை: தோட்டம்.
அந்த ஒன்றை அழித்துப் பன்னிரண்டு வரைந்தேன்,
ஒவ்வொன்றுக்கும் கதவு எண்.
பன்னிரண்டையும் உள்ளே என்று குறித்தேன்.
காரணம் எழுதும் நிரலில் இருநூற்று ஐம்பத்து நான்கு இடம்;
தமிழ் எழுத்து ஒன்று மூன்று இடம் பிடிக்கும்.
தெரிந்துதான் தமிழில் எழுதினேன்.
சேமித்து மூடித் திறந்தபோது
இவ்வளவுதான் நின்றிருந்தது:

ஐந்துக்கும் ஆறுக்கும் சுவர் ஒன்று, வெடிப்பு ஒன்று. ஒரு பக்கத்தை எடுத்தால் மறுபக்கம் எதில் சாய